கைவிட்ட கை எது? லோங்ஹுய் வட்டத்துக் குழந்தைகளும் சீனாவின் ஒரு குழந்தைக் கொள்கையும்

சீனாவின் ஹூனான் மாகாணத்திலுள்ள ஷாவோயாங் நகரின் அரசுக் காப்பகத்தில் சேர்க்கப்பட்ட குழந்தைகளுக்கு ஷாவோ என்பதே பொதுவான குடும்பப் பெயராக இடப்பட்டு வந்தது. நகரத்தின் பெயரிலிருந்து எடுத்த முதல் எழுத்து அது. தாய் தகப்பன் யாரென்று அறியப்படாத குழந்தைக்கு ஊரின் பெயரைச் சூட்டுவது சீனக் காப்பகங்களின் வழக்கமாக இருந்தது. ஆனால் 2011 மே மாதத்தில் பெய்ஜிங்கிலிருந்து வெளிவரும் காய்சின் குழுமத்தின் வார இதழ் ஒன்று, ஷாவோ என்று பெயரிடப்பட்ட அந்தக் குழந்தைகளில் சிலருக்குத் தாயும் தகப்பனும் இருந்தார்கள் என்றும், அவர்கள் பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தார்கள் என்றும், பிள்ளையை எடுத்துச் சென்றவர்கள், ஒரு தம்பதிக்கு ஒரு குழந்தை என்ற அரசுக் கொள்கையை நிறைவேற்றிய குடும்பக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் ஊழியர்களே என்றும் விரிவாக எழுதியது. அக்குழந்தைகள் கைவிடப்பட்டவர்கள் என்றே காப்பகத்தின் கோப்புகள் கூறின. கைவிடப்பட்ட என்னும் சொல்லில் கைவிட்டவர் யார் என்பது இல்லை. அந்த ஒற்றைச் சொல்லைப் பிரித்துப் பார்ப்பதற்கு இந்த நிகழ்வு போதுமானது என்று கருதியே இதை ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறேன்.

காவோபிங்கில் நடந்தது

ஷாவோயாங் நகர நிர்வாகத்தின் கீழ் வரும் லோங்ஹுய் வட்டம் மலைப்பாங்கான, வறிய பகுதி. அங்குள்ள காவோபிங் போன்ற ஊர்களிலிருந்து இளவயதினர் பலரும் தெற்கே குவாங்டோங் மாகாணத்தின் ஆலைகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் போய்விடுவார்கள். பிறந்த குழந்தையைத் தாத்தா பாட்டியிடம் விட்டுச் செல்வது அங்கே இயல்பு. 1999க்கும் 2006இன் இறுதிக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் இந்த வட்டத்தில் குறைந்தது 16 குழந்தைகளையாவது குடும்பக் கட்டுப்பாட்டு ஊழியர்கள் எடுத்துச் சென்றார்கள் என்று பெற்றோரின் வாக்குமூலங்களிலிருந்து செய்தியாளர்கள் கணக்கிட்டார்கள்.

எடுத்துச் செல்வதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் ஒரே வகையாக இல்லை. சில குடும்பங்களில் குழந்தை அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேற்பட்டது. சிலவற்றில் அது முதல் குழந்தைதான். ஆனால் பெற்றோர் சட்டப்படி திருமணத்தைப் பதிவு செய்திருக்கவில்லை, அல்லது பிறப்பு அனுமதிச் சீட்டு வாங்கியிருக்கவில்லை. இன்னும் சிலவற்றில், வேறு யாரோ வழியோரத்தில் விட்டுச் சென்ற குழந்தையை அந்தக் குடும்பம் எடுத்து, பால் கொடுத்து, தன் பிள்ளையாகவே வளர்த்து வந்தது; தத்தெடுத்ததற்கான சான்றிதழ் மட்டும் இல்லை. எல்லா வீடுகளிலும் அடுத்து நிகழ்ந்தது ஒன்றுதான். பல ஆயிரம் யுவான் கட்ட வேண்டும் என்று ஊழியர்கள் கேட்டார்கள். ஆண்டு முழுதும் உழைத்தாலும் அந்தத் தொகையைக் காண முடியாத குடும்பங்கள் அவை. பணம் வராதபோது குழந்தை வண்டியில் ஏற்றப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களிடம் கைநாட்டு வாங்கப்பட்டதாகவும், அதில் எழுதியிருந்தது என்னவென்று அவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது என்றும் குடும்பத்தினர் கூறினார்கள்.

ஒவ்வொரு குழந்தைக்கும் ஷாவோயாங் காப்பகம் உள்ளூர் அலுவலகத்துக்கு 1,000 யுவான் கொடுத்து வந்தது என்று அந்த இதழ் எழுதியது. பிறகு காகிதங்கள் தயாராயின. குழந்தை இன்ன இடத்தில் கண்டெடுக்கப்பட்டது என்று காவல்துறையின் சான்று; பெற்றோர் இருந்தால் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று செய்தித்தாளில் அறிவிப்பு; 60 நாட்கள் கழிந்தும் எவரும் வராததால் குழந்தை ஆதரவற்றது என்று முடிவு. சட்டம் கேட்ட படிகள் ஒவ்வொன்றும் நிறைவேற்றப்பட்டதாகக் கோப்பு காட்டும். மலைக்கிராமத்துப் பாட்டி நகரத்துச் செய்தித்தாளைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பார்த்திருந்தாலும், சாலையோரத்தில் கண்டெடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் அந்தப் புதுப்பெயர்க் குழந்தை தன் பேத்திதான் என்று அறிய அவருக்கு வழியில்லை. அதன்பின் கோப்பு பெய்ஜிங்கிலுள்ள தத்து விவகார மையத்துக்குச் சென்றது. அங்கிருந்து அமெரிக்கா, நெதர்லாந்து, ஸ்பெயின் போன்ற நாடுகளில் பிள்ளைக்காகக் காத்திருந்த பெற்றோருக்குக் குழந்தைகள் ஒதுக்கப்பட்டார்கள். ஒவ்வொரு வெளிநாட்டுத் தத்துக்கும் காப்பகத்துக்கு நன்கொடையாக 3,000 டாலர் வந்து சேர்ந்தது.

இதில் யாருக்கு எந்த அளவு தெரியும் என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். கடல் கடந்து வந்து குழந்தையைத் தத்தெடுத்துச் சென்ற பெற்றோர், கோப்பு சொன்னதை நம்பினார்கள். பெய்ஜிங் மையமும் மாகாணத்திலிருந்து வந்த காகிதங்களைக்கொண்டே முடிவெடுத்தது. பொய் எழுதப்பட்ட இடம் மிகக் கீழே, ஓர் ஊர் அலுவலகத்தின் மேசையில். ஆனால் அந்த மேசையை அங்கே கொண்டுவந்து போட்டது யார் என்ற கேள்விதான் இந்த நிகழ்வின் சாரம்.

2011 செப்டம்பர் இறுதியில் அரசு விசாரணையின் முடிவு வெளியானது. குழந்தைக் கடத்தல் எதுவும் நடக்கவில்லை என்றும், ஆனால் கடுமையான விதிமீறல்கள் நடந்தன என்றும் அது கூறியது. 12 அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. சீனாவின் மக்கள்தொகை மற்றும் குடும்பக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2002 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருந்தது. கூடுதல் பிறப்புக்குக் கட்டணம் விதிக்கலாம் என்று சொன்ன அந்தச் சட்டத்தில், கட்டணத்துக்கு ஈடாகக் குழந்தையை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரிகூட இல்லை. மாறாக, ஊழியர்கள் குடிமக்களின் உரிமைகளை மீறக் கூடாது என்று அதன் 4ஆம் பிரிவு தெளிவாகச் சொன்னது. அப்படியிருக்க, பெற்றோர் இருக்கும்போதே ஒரு குழந்தையை எடுத்துச் சென்று, அது கண்டெடுக்கப்பட்டதாகச் சான்று எழுதி, அந்தக் கோப்பின் முடிவில் பணமும் பெற்றுக்கொண்டதைக் கடத்தல் என்று அழைக்க முடியாது என்றால், வேறு எதைத்தான் அப்படி அழைப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

மேலிருந்து வந்த எண்

1970களின் தொடக்கத்திலேயே சீனா பிறப்புகளைக் குறைக்கும் முயற்சியில் இறங்கியிருந்தது. தாமதமாகத் திருமணம், குழந்தைகளுக்கிடையே நீண்ட இடைவெளி, குறைந்த எண்ணிக்கை என்னும் மூன்று சொற்களில் அந்த இயக்கம் அறியப்பட்டது. அதிலும் வற்புறுத்தல் இருந்தது. ஆயினும் 1970இல் ஒரு பெண்ணுக்கு 6ஐ நெருங்கியிருந்த கருவள விகிதம், 1979க்குள் 3க்கும் கீழே இறங்கிவிட்டது. அதாவது ஒரு குழந்தைக் கொள்கை வருவதற்கு முன்பே பெருஞ்சரிவு நிகழ்ந்து முடிந்திருந்தது. பிற்காலத்தில் 40 கோடிப் பிறப்புகளைத் தவிர்த்தோம் என்று அரசு பெருமையாகச் சொல்லிவந்த கணக்கை மக்கள்தொகை அறிஞர்கள் பலர் ஏற்காததற்கு இதுவே முதன்மையான காரணம்.

ஏவுகணைக் கட்டுப்பாட்டுத் துறையில் பணியாற்றிய சோங் ஜியான் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் கணினி கொண்டு போட்ட எதிர்காலக் கணக்குகள், தலைமையை ஒற்றைக் குழந்தை என்னும் முடிவை நோக்கித் தள்ளியதில் பெரும் பங்கு வகித்தன. ஏவுகணையின் பாதையைத் திருத்துவதற்குப் பயன்படும் கணிதம் மனிதப் பிறப்பின் வேகத்தைத் திருத்தவும் பயன்படும் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. அந்தக் கணக்கில் ஆண் பிள்ளை இல்லாத விவசாயி முதுமையில் யாரிடம் போவார் என்ற கேள்விக்கு இடமில்லை. 1980 செப்டம்பர் 25ஆம் நாள் பொதுவுடைமைக் கட்சியின் மையக் குழு தன் உறுப்பினர்களுக்கு எழுதிய திறந்த மடல், ஒரு தம்பதிக்கு ஒரு குழந்தை என்று வேண்டிக்கொண்டது. 30 ஆண்டுகளில் மக்கள்தொகை நெருக்கடி தணிந்த பிறகு வேறு கொள்கையைப் பின்பற்றலாம் என்றும் அதே மடல் சொன்னது. 30 என்றது 35 ஆயிற்று.

வேண்டுகோளாகத் தொடங்கியது மூன்றே ஆண்டுகளில் கத்தியாக மாறியது. 1983ஆம் ஆண்டில் மட்டும் சீனாவில் 2 கோடிக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவை சிகிச்சைகளும், ஏறத்தாழ 1 கோடியே 44 லட்சம் கருக்கலைப்புகளும் நடந்தன. அந்த இயக்கத்தை நடத்திய அமைச்சர் சியன் சின்சோங். அதே 1983இல் ஐக்கிய நாடுகள் அவை முதன்முதலாக வழங்கிய மக்கள்தொகை விருது இருவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒருவர் சியன் சின்சோங். மற்றவர் இந்தியப் பிரதமர் இந்திரா காந்தி. நெருக்கடி நிலையின்போது, 1976-77இல், இந்தியாவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டதையும், அதில் எவ்வளவு கட்டாயத்தின் பேரில் நடந்தது என்பதையும் அறிந்த நமக்கு, அந்த மேடையில் கொடுக்கப்பட்ட பாராட்டின் எடை புரியும். சீனாவில் நடந்ததைச் சீனாவின் கொடுமையாக மட்டும் பார்த்துவிட்டு நகர முடியாது. எண்ணிக்கையைக் குறைத்தவருக்கு மாலையிட அன்றைய உலகம் முழுதும் ஆயத்தமாக இருந்தது.

கிராமங்களின் எதிர்ப்பைக் கண்டு 1984இல் கொள்கை சற்றுத் தளர்ந்தது. பெரும்பாலான மாகாணங்களின் கிராமப்புறங்களில், முதல் குழந்தை பெண்ணாக இருந்தால் சில ஆண்டுகள் இடைவெளி விட்டு இரண்டாவது பெறலாம் என்று விதி வந்தது. இந்தச் சலுகையின் உட்பொருளைக் கவனிக்க வேண்டும். பெண் குழந்தை பாதிக் குழந்தை என்று அரசே எழுத்தில் ஒப்புக்கொண்டதாகத்தான் அது கிராமத்தின் காதில் விழுந்தது. இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்துவிட்டால், மகன் பிறப்பதற்கான கடைசி இடத்தை அந்தக் குழந்தை நிரப்பிவிட்டது. இந்த இரண்டாவது மகள்தான் சீனாவின் காப்பகங்களை நிறைத்தவள்.

மகன் வேண்டும் என்ற விருப்பத்தை மூடத்தனம் என்று ஒதுக்குவது எளிது. சீன விவசாயிக்கு ஓய்வூதியம் என்று ஒன்று பரவலாக வரத் தொடங்கியதே 2009இல்தான். மகள் மணமாகிக் கணவன் வீட்டுக்குப் போய்விடுவாள். நிலத்தை உழவும், படுத்த படுக்கையான தகப்பனைத் தூக்கி உட்கார வைக்கவும் வீட்டில் இருப்பவன் மகன். மகன் வேண்டும் என்றவர்கள் மகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு மகனும் ஒரு மகளும் என்பதே கிராமத்தார் பலரும் விரும்பிய நிறைவான குடும்பம். சீனக் கிராமங்களில் பல ஆண்டுகள் ஆய்வு நடத்திய அமெரிக்கப் பேராசிரியர் கே ஆன் ஜான்சனும் அவருடைய சீனச் சக ஆய்வாளர்களும் இதைத்தான் திரும்பத் திரும்பக் கண்டார்கள். கைவிட்ட குடும்பங்களில் பெரும்பாலானவை, முன்பே மகளோ மகள்களோ இருந்து மகன் இல்லாத, மணமான, சாதாரண விவசாயக் குடும்பங்கள். வறுமையின் அடிமட்டத்தில் இருந்தவர்கள்தாம் அப்படிச் செய்தார்கள் என்பதும், திருமணம் ஆகாத தாய்மார்கள்தாம் செய்தார்கள் என்பதும் அங்கே பொருந்தவில்லை.

வாசலில் வைத்த குழந்தை

கைவிடுதல் என்றவுடன் குப்பைமேடு நம் கண்முன் வருகிறது. அப்படியும் நடந்தது. ஆனால் பலர் குழந்தையை வைத்த இடங்கள் சந்தை, பேருந்து நிலையம், மருத்துவமனை வாயில், காப்பகத்தின் கதவு. யாரேனும் விரைவில் காண வேண்டும் என்று எண்ணித் தேர்ந்த இடங்கள் அவை. பிறந்த நாளும் நேரமும் எழுதிய காகிதத் துண்டு, சிறிது பணம், ஒரு பால்மாவுப் பொட்டலம் ஆகியவை துணிக்குள் செருகப்பட்டிருக்கும். இன்னும் யோசித்தவர்கள், பிள்ளையில்லாத தம்பதி எந்த ஊரில் இருக்கிறார்கள், மகன்கள் மட்டும் உள்ள வீடு எது என்று முன்பே விசாரித்து, இருட்டில் அந்த வாசலில் குழந்தையை வைத்து, வீட்டார் விழித்துக்கொள்ளும்படி ஒரு பட்டாசைக் கொளுத்திவிட்டு, தொலைவில் மறைந்து நின்று கதவு திறக்கப்படுவதைப் பார்த்த பின்பே போனார்கள். பட்டாசு வெடித்த அந்தக் கையைக் கைவிட்ட கை என்று ஒரே சொல்லில் எழுதி முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கதவுகள் திறந்தன என்பதும் அதே ஆய்வுகளில் தெரிந்த உண்மை. சீனர்கள் பிறர் பெற்ற பெண் குழந்தையை வளர்க்க முன்வர மாட்டார்கள் என்ற நம்பிக்கை வெளிநாடுகளில் பரவலாக இருந்தது. வெளிநாட்டினருக்குத் தத்துக் கொடுப்பதை நியாயப்படுத்தவும் அது பயன்பட்டது. கிராமங்களிலோ, மகள் இல்லாத குறையைத் தீர்க்க வந்த குழந்தையென்று எண்ணி எடுத்து வளர்த்தவர்கள் ஏராளம். அவர்களைத் தடுத்தது வழக்கமும் அல்ல, மனமும் அல்ல, சட்டம். 1992 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சீனத் தத்துச் சட்டம், தத்தெடுப்பவர் பிள்ளையில்லாதவராகவும் 35 வயது நிறைந்தவராகவும் இருக்க வேண்டும் என்றது. காரணம் வெளிப்படை. இந்த வழியைத் திறந்துவிட்டால் மகளை உறவினரிடம் தத்துக் கொடுத்துவிட்டு மகனுக்காக மீண்டும் முயல்வார்கள் என்று குடும்பக் கட்டுப்பாட்டுத் துறை அஞ்சியது. ஆகவே கொள்கையில் விழக்கூடிய ஓட்டையை அடைக்க, குழந்தைக்குக் கிடைக்கக்கூடிய வீட்டின் கதவை அடைத்தார்கள். ஏற்கெனவே பிள்ளை உள்ள குடும்பம் ஒரு கைக்குழந்தையை எடுத்து வளர்த்தால் அது கூடுதல் பிறப்பாக எண்ணப்பட்டது. அபராதமும், சில இடங்களில் வளர்ப்புத் தாய்க்குக் கருத்தடை அறுவையும் அதன் விளைவு.

அதே 1992இல்தான் வெளிநாட்டினருக்கான தத்து வழி முறையாகத் திறந்தது. உள்நாட்டுக் கதவு சாத்தப்பட்டதும் வெளிநாட்டுக் கதவு திறந்ததும் ஒரே ஆண்டில் என்பதை எத்தனை முறை படித்தாலும் நெஞ்சு கனக்கிறது. நாடுகளுக்கிடையிலான தத்து குறித்த 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை, பிறந்த நாட்டிலேயே குடும்பம் கிடைக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும் என்கிறது. சீனா அதை 2005இல் ஏற்றது. 1999 முதல் தத்துச் சட்டமும் சற்றுத் தளர்ந்து, வயது 30 ஆகக் குறைந்தது. காப்பகத்திலுள்ள குழந்தையைப் பிள்ளை உள்ளவரும் தத்தெடுக்கலாம் என்று ஆயிற்று. ஆனால் வாசலில் கிடந்த குழந்தையை நேரே எடுத்து வளர்த்தவர் அப்போதும் குற்றவாளியாகவே இருந்தார். லோங்ஹுயில் எடுத்துச் செல்லப்பட்ட குழந்தைகளில் சிலர் இந்த வகையினர். பெற்றவள் வைத்துச் சென்ற இடத்திலிருந்து ஒரு குடும்பம் அவர்களைத் தூக்கியெடுத்தது. அந்தக் குடும்பத்திடமிருந்து அரசு பறித்தது. பறித்த பின் கைவிடப்பட்டவர்கள் என்று எழுதியது.

வைத்துக்கொண்டவர்களின் துயரத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அபராதம் கட்ட முடியாமல் மறைத்து வளர்த்த பிள்ளைக்கு ஹுகோவ் எனப்படும் குடும்பப் பதிவேட்டில் இடமில்லை. அதில் பெயர் இல்லையென்றால் பள்ளி இல்லை, மருத்துவ உதவி இல்லை, வளர்ந்த பின் தொடர்வண்டிச் சீட்டு வாங்க அடையாள அட்டை இல்லை. ஹெய்ஹாய்சு, அதாவது கறுப்புப் பிள்ளைகள் என்று ஊர் அவர்களை அழைத்தது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் பேர் பதிவில்லாமல் இருந்தது தெரியவந்தது. அவர்களில் பெரும்பகுதியினர் கொள்கைக்கு மேல் பிறந்தவர்கள். ஒரு தாயின் முன் இருந்த தெரிவுகள் இவைதாம்: கருவிலேயே கலைப்பது, பெற்று மறைப்பது, பெற்றுப் பிரிவது.

அளவுகோலும் பணமும்

ஊர் அலுவலகத்தின் மேசைக்குத் திரும்புவோம். சீன உள்ளாட்சி அதிகாரி ஒருவர் ஆண்டு முழுதும் என்ன நல்லது செய்திருந்தாலும், குடும்பக் கட்டுப்பாட்டு இலக்கில் தவறினால் அவருடைய பதவி உயர்வும் பரிசுத் தொகையும் ரத்தாகும். ஒரே வாக்கில் தள்ளுபடி என்று அந்த முறைக்குப் பெயர். அதோடு, கூடுதல் பிறப்புக்கு வசூலிக்கும் தொகைக்குச் சமூகப் பராமரிப்புக் கட்டணம் என்று பெயரிட்டு, அதை உள்ளூர் நிர்வாகமே செலவிட்டுக்கொள்ளவும் விட்டார்கள். 2012ஆம் ஆண்டில் 24 மாகாணங்களும் பெருநகரங்களும் மட்டும் இந்த வகையில் ஏறத்தாழ 2,000 கோடி யுவான் வசூலித்ததாக அவை வெளியிட்ட தகவல்களிலிருந்து தெரியவந்தது. விவசாய வரி நீக்கப்பட்டுவிட்ட வறிய வட்டங்களில் இந்த வருமானம் எவ்வளவு முக்கியமானது என்பதை ஊகிப்பது கடினமல்ல. இலக்கு பின்னாலிருந்து தள்ள, பணம் முன்னாலிருந்து இழுத்தது.

இதற்கிடையே இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. கையடக்கமான ஒலியலைச் சோதனைக் கருவிகள் சிற்றூர்கள் வரை பரவின. கருவின் பாலினம் பார்த்துக் கலைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டிருந்தும் பெருகியது. 2004இல் 100 பெண் குழந்தைகளுக்கு 121 ஆண் குழந்தைகள் பிறந்தார்கள். பிறக்கும் பெண் குழந்தைகளே குறைந்ததால், 1990களில் நிரம்பி வழிந்த காப்பகங்களுக்கு நலமான கைக்குழந்தைகள் வருவதும் குறைந்தது. அதே வேளையில் வெளிநாட்டில் கேட்போர் எண்ணிக்கை உச்சத்துக்குப் போனது. 2005இல் அமெரிக்காவுக்கு மட்டும் 7,900 அளவில் சீனக் குழந்தைகள் சென்றார்கள். குழந்தை குறைந்து, குழந்தைக்கான தொகை குறையாதிருந்த அந்த ஆண்டுகளே லோங்ஹுய் நிகழ்வின் ஆண்டுகள் என்பதைத் தற்செயல் என்று கொள்ள முடியாது. அதே ஹூனானின் ஹெங்யாங் பகுதியில், குவாங்டோங்கிலிருந்து கொண்டுவரப்பட்ட குழந்தைகளைக் காப்பகங்களே விலை கொடுத்து வாங்கிய வழக்கு 2005இன் இறுதியில் வெளிப்பட்டு, 2006 பிப்ரவரியில் காப்பகத் தலைவர் ஒருவர் உட்பட 10 பேருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. குய்சோ மாகாணத்தின் ஜென்யுவான் வட்டத்திலும் அபராதம் கட்டாத குடும்பங்களின் பெண் குழந்தைகள் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டதை 2009இல் தென்சீன நாளிதழ் ஒன்று எழுதியது.

வேறு வழியே இல்லை என்று வாதிடுபவர்களுக்கு ஷான்ஷி மாகாணத்தின் யிசெங் வட்டம் பதிலாக இருக்கிறது. லியாங் சோங்டாங் என்ற ஆய்வாளரின் முயற்சியால் 1985இல் அங்கே, தாமதமாக மணந்து இடைவெளி விட்டுப் பெற்றால் கிராமத்தார் அனைவரும் இரண்டு குழந்தைகள் பெறலாம் என்று பரிசோதனையாக அனுமதித்தார்கள். முதல் குழந்தை ஆணா பெண்ணா என்ற கேள்வியே அங்கு எழவில்லை. பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்த வட்டத்தின் மக்கள்தொகை வளர்ச்சி நாட்டின் சராசரியைவிடக் குறைவாகவும், ஆண் பெண் பிறப்பு விகிதம் இயல்புக்கு அருகிலும் இருந்தது. முடிவுகள் நல்லவை என்று தெரிந்த பின்னும் பரிசோதனையை நாடு முழுதும் விரிக்கவில்லை. நான் இந்த ஆய்வில் மிகவும் வருந்தும் இடம் இதுதான். கொடுமை நடந்த வட்டங்களின் கணக்கை அறியாமையின் மேல் போடலாம். யிசெங் இருக்கும்போது அப்படிப் போட இயலாது.

கோப்புகளில் எஞ்சியது

ஒரு குழந்தைக் கொள்கை 2016 ஜனவரி 1 முதல் இரு குழந்தைக் கொள்கையாயிற்று, 2021இல் மூன்று. கூடுதல் பிறப்புக்கான கட்டணமும் அவ்வாண்டே நீக்கப்பட்டது. 2022இல், 1961க்குப் பிறகு முதன்முறையாக, சீனாவின் மக்கள்தொகை குறைந்தது. இப்போது பெற்றுக்கொள்ளுமாறு அரசு ஊக்கத்தொகை தருகிறது. காப்பகங்களுக்கு வரும் குழந்தைகளும் மாறிவிட்டார்கள். 2014 ஜனவரி இறுதியில் குவாங்சோ நகரக் காப்பகம், குழந்தையைப் பாதுகாப்பாக விட்டுச் செல்ல ஓர் அறையைத் திறந்தது. இரண்டு மாதம் முடிவதற்குள் 262 குழந்தைகள் வந்துவிட்டார்கள். அனைவரும் நோயோ உடற்குறையோ உள்ளவர்கள். தாங்க முடியாமல் மார்ச் நடுவில் அறையை மூடினார்கள். ஒரே ஒரு வாய்ப்புதான் என்று ஒரு நாடு முழுவதற்கும் 30 ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லித் தந்த பின், அந்த ஒரு வாய்ப்பில் பிறந்த குழந்தை நலமாகவே இருக்க வேண்டும் என்று பெற்றோர் எண்ணியதில் வியப்பில்லை. மருத்துவச் செலவுக்கு உதவி கிடைக்காததும் சேர்ந்துகொண்டது.

2024 செப்டம்பர் 5ஆம் நாள், நெருங்கிய உறவினருக்குத் தவிர வெளிநாட்டுத் தத்து இனி இல்லை என்று சீன வெளியுறவுத் துறை அறிவித்தது. 1992 முதல் அதுவரை 1,60,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் வெளிநாடு சென்றிருந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அமெரிக்காவுக்கு. மூத்தவர்கள் இப்போது முப்பதைக் கடந்தவர்கள். மரபணுச் சோதனை வழியாக அவர்கள் தேடுகிறார்கள். கோப்பில் உள்ள பிறந்த நாள் பல வேளைகளில் காப்பகம் மதிப்பிட்டு எழுதியது. கண்டெடுத்த இடம் என்று குறித்திருப்பது உண்மையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சீனாவில் பெற்றவர்களும் தேடுகிறார்கள்; ஆனால் குழந்தையைக் கைவிடுவது 5 ஆண்டுகள் வரை சிறைக்குரிய குற்றம் என்பதால், இரத்த மாதிரி கொடுக்க முன்வருவதற்கே பலர் அஞ்சுகிறார்கள். எடுத்துச் சென்ற அலுவலகத்துக்கு அந்த அச்சம் இல்லை.

2022 ஜூலையில் குவாங்ஷி பகுதியின் சுவான்சோ வட்டத்திலிருந்து ஒரு கடிதம் வெளியே வந்தது. 1990களில் தங்கள் பிள்ளை கடத்தப்பட்டதாகப் புகார் செய்திருந்த முதிய தம்பதிக்கு வட்டச் சுகாதாரத் துறை எழுதிய பதில் அது. குழந்தை கடத்தப்படவில்லை என்றும், அன்றைய குடும்பக் கட்டுப்பாட்டு நடைமுறையின்படி, கூடுதலாகப் பிறந்த குழந்தைகளில் ஒன்றை வட்டத்தின் முடிவுப்படி எடுத்துச் சமூகப் பங்கீடு செய்ததாகவும் அதில் எழுதியிருந்தது. தானியத்தையும் துணியையும் பற்றிச் சொல்லும் சொல் அது. கடிதம் பரவி நாடெங்கும் கொதிப்பு எழுந்ததும், துறைத் தலைவரும் துணைத் தலைவரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அந்தக் கடிதத்தில் இன்னொரு செய்தியும் இருந்தது. பங்கீடு செய்யப்பட்ட குழந்தைகள் எங்கே போனார்கள் என்பதற்கு எந்தப் பதிவும் வைக்கப்படவில்லை.